இரும்பே இல்லாம ஜேடு கல்லை எப்படிங்க அறுத்தாங்க?

சிவன்மலை பட்டறை:

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. இத்தனை நாளா படிச்சுட்டு மட்டுந்தான் இருந்தனுங்க, இன்னைக்குத்தான் மொதல் தடவையா ஒண்ணு கேக்கறேன். நமக்கு காங்கயம் பக்கம், அப்பிச்சி காலத்துல இருந்து கல்லு பட்டை தீட்டறதுதான் பொழப்பு. மூன்ஸ்டோன், அக்குவாமரின், கார்னெட்டுன்னு எது கைக்கு வந்தாலும் சாணைல ஒரு தடவ வெச்சுப் பாத்தா அதோட கொணம் தெரிஞ்சு போயிரும், அந்தளவுக்குப் பழக்கம்.

போன வாரம் பையன் போன்ல ஒரு போட்டோ காட்டுனானுங்க. ஒரு முகமூடி, முழுக்க பச்சைக்கல்லைத் துண்டு துண்டா ஒட்டி செஞ்சிருக்குது, கண்ணுக்கு வெள்ளைச் சிப்பியும் கருப்புக் கல்லும். மெக்ஸிகோல பாலென்கேங்கற ஊர்ல ஒரு மாயா ராசாவோட சமாதிக்குள்ள கெடச்சதாமா. பாக்கற எல்லாத்துக்கும் ராசா மூஞ்சி தெரியும், எனக்கு அந்தத் துண்டுகளோட ஓரந்தானுங்க தெரிஞ்சுது. கன்னத்துல ஒரு வளைவு வருது, அந்த வளைவுக்கு ஏத்த மாதிரி ஒவ்வொரு துண்டையும் தேச்சு பக்கத்துத் துண்டோட ஒட்ட வெச்சிருக்கறாங்க. அது எத்தனை நாளு வேலைன்னு எங்களுக்குத் தெரியும்.

மரகதம் இல்லீங்க அது, ஜேடு. ஒருக்கா ஒருத்தர் ஒரு துண்டு கொண்டாந்து மணி பண்ணித் தரச் சொன்னாரு. அந்தக் கல்லு கெட்டின்னு பாத்தா நம்ம அக்குவாமரினை விடக் கம்மிதான், ஆனா ஒடையவே மாட்டேங்குது. மத்த கல்லுன்னா ஓரத்துல ஒரு தட்டு தட்டுனா செதில் செதிலா வந்துரும், வேண்டாததைத் தட்டி எடுத்துட்டு அப்பறம் சாணைக்குப் போவோம். இது சுத்தியல்ல தட்டுனா டங்குன்னு சத்தம் மட்டுந்தான் வருது. முழுக்க டைமண்ட் பிளேடு போட்டு அறுத்துத்தான் முடிச்சேன், துளை போடறதுக்குள்ள ரெண்டு பிட்டு காலி.

அந்த ராசா காலத்துல அவங்ககிட்ட இரும்பே இல்லைன்னு சொல்றாங்க. அப்பறம் எதை வெச்சு அறுத்தாங்க, எதை வெச்சு துளை போட்டாங்க, பளபளப்பு எப்படி வந்துச்சு? பையன் ரெண்டு வீடியோ காட்டுனான். ஒண்ணுல வேற கிரகத்துல இருந்து வந்தவங்க சொல்லிக் குடுத்தாங்கன்னு, அந்த சமாதி மூடியில ராக்கெட்டு ஓட்டற ஆளு இருக்கறாருன்னு. இன்னொண்ணுல நம்ம புராணத்துச் சிற்பி மயன் போயி சொல்லிக் குடுத்தாரு, அதனாலதான் அவங்களுக்கு மாயான்னு பேருன்னு. ரெண்டையும் முழுசா பாத்தனுங்க. ரெண்டுலயுமே உக்காந்து கல்லு அறுத்தவனைப் பத்தி ஒரு வார்த்த வரல. அது எனக்கு மனசுக்கு சங்கடமா போச்சு. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நொய்யல்கரை:

அண்ணா வணக்கம்ங்ணா. நான் தொழில்காரன் இல்லீங், காலேஜ் படிக்கறப்ப கொடுமணல் தோண்டுன குழிகளைப் பாக்கப் போயி அப்படியே பழைய காலத்து மணிகள்ல மாட்டிக்கிட்டவன். நீங்க கேட்டது நெம்ப நல்ல கேள்வி, இதைப் படிக்கறவங்க பாதிப்பேரு இந்த எடத்துக்கு வரவே மாட்டாங்க.

மொதல்ல கல்லு. ஜேடுன்னு ரெண்டு கல்லை சொல்றாங்க. சீனாக்காரங்க பழைய காலத்துல இருந்து வேலை பண்ணுனது நெஃப்ரைட்டு, மெக்ஸிகோ குவாத்தமாலா பக்கம் கெடைக்கறது ஜேடைட்டு. கெட்டின்னு பாத்தா 6.5ல இருந்து 7க்குள்ள, நீங்க சொன்னாப்டி உங்க அக்குவாமரின் அதுக்கு மேல 7.5, 8ன்னு நிக்கும். ஆனா ஜேடைட்டுக்குள்ள பொடிப்பொடிப் படிகமெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துக்கிட்டு கெடக்கும், அதனால வெடிப்பு ஓடறதுக்கு நேர் வழியே கெடையாது. உங்க சுத்தியல்ல சத்தம் மட்டும் வந்தது அதனாலதான். அந்த நாட்டுல இந்தக் கல்லு வர்றது குவாத்தமாலாவுல மொட்டாகுவா ஆத்துப் பள்ளத்தாக்குல இருந்து. அந்த எடத்தை ஆராய்ச்சிக்காரங்க மறுபடி கண்டுபிடிச்சது 1950கள்லதான். அப்பறம் 1998ல மிட்ச் புயல் வந்து ஓடையெல்லாம் பொரட்டிப் போட்டப்ப நீலம் கலந்த பச்சைல பெரிய பெரிய உருண்டைக் கல்லுக வெளிய வந்துச்சு, ரெண்டாயிரத்தைநூறு வருசத்துக்கு முன்னாடி, மாயாவுக்கும் மூத்தவங்களா மெக்ஸிகோல இருந்த ஓல்மெக் சனங்க ஆசைப்பட்டு எடுத்தது அந்த நெறந்தான்.

இப்ப அறுக்கறது. உங்க டைமண்ட் பிளேடுல அறுக்கறது எதுங்ணா, தகடா? இல்லீங்ளே, தகட்டு ஓரத்துல இருக்கற வைரத்தூளு. அவங்களும் அதையேதான் பண்ணுனாங்க, வைரத்துக்குப் பதிலா குவார்ட்ஸ் மணல். நாருக் கயிறை ஈரம் பண்ணி மணலைத் தொட்டு கல்லு மேல முன்னயும் பின்னயும் இழுக்கறது. நேரா அறுக்கோணும்னா கயித்துக்குப் பதிலா மெல்லிசான மரப்பலகையோ கல்லுச் சில்லோ வெச்சு இழுப்பாங்க. கயிறு வெறும் வண்டிதான், மணலுதான் வேலைக்காரன். தண்ணி ஊத்திட்டே இருக்கோணும். ஒரு பக்கத்துல இருந்து பாதிக்குக் கிட்ட வரைக்கும் போவாங்க, திருப்பிப் போட்டு அடுத்த பக்கம் இருந்து வருவாங்க, நடுவுல மெல்லிசா ஒரு தண்டு மிஞ்சுனதும் ஓங்கி ஒரு தட்டு, ரெண்டாப் போயிரும். இது எப்படித் தெரியும்னா, பல நகைகளோட பின்பக்கத்துல அந்த ஒடிச்ச தண்டைத் தேய்க்காம அப்படியே விட்டிருக்கறாங்க. மார்ல தொங்கறப்ப யாரும் பாக்கப் போறதில்லைன்னு விட்டது, இன்னைக்கு நமக்கு அதுதான் சாட்சி.

துளைக்கு ரெண்டு வழி. சின்னத் துளைன்னா கெட்டியான கல்லு முனை வெச்சு திருப்பறது. ரெண்டு பக்கமிருந்தும் போட்டுட்டு வந்து நடுவுல சேப்பாங்க, அதனால மணியைக் குறுக்க வெட்டிப் பாத்தா துளை உடுக்கை மாதிரி இருக்கும், நடுவுல ஒடுங்கி ரெண்டு வாயிலயும் அகலமா. பெரிய வட்டம் வேணும்னா உள்ள ஓட்டையா இருக்கற எலும்பு இல்லைனா நாணத்தட்டை, அது அடியில மணலு, அதை உருட்டிக்கிட்டே இருந்தா கல்லுல வளையமா எறங்கும், நடுவுல ஒரு குச்சியாட்ட நிக்கும், அதை ஒடிச்சு எடுத்துரலாம். மாயா சிற்பத்துல கண்ணு, வாய் ஓரமெல்லாம் கச்சிதமா அரைவட்டம் இருக்கும் பாருங்க, பாதிக்குப் பாதி இந்த நாணல் போட்ட வளையந்தான்.

மெக்ஸிகோ நகரத்துல டெம்ப்ளோ மேயர் மியூசியத்துல இதுக்குன்னே ஒரு பட்டறை வெச்சிருக்கறாங்க. மணல், எரிமலைக் கண்ணாடித் தூளு, தோலு, மூங்கிலுன்னு ஒவ்வொண்ணா போட்டு தேச்சுப் பாத்து, அந்தக் கீறலை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பழைய நகையோட கீறலுக்குப் பக்கத்துல வெச்சுப் பாக்கறாங்க. எந்தப் பொடிக்கு எந்தக் கீறலுன்னு கைரேகை மாதிரி பொருந்துது. பதினாறாம் நூற்றாண்டுல சாகுன்ங்கற பாதிரியார், ஸ்பானியர் வந்தப்ப மெக்ஸிகோவை ஆண்டுட்டு இருந்த அஸ்டெக் சனங்களோட கைவேலைக்காரங்களையே உக்கார வெச்சு கேட்டு எழுதி வெச்சிருக்கறாரு, அதுலயும் மணல் போட்டு தேய்க்கறதும் மூங்கிலாட்டம் ஒரு கோலை வெச்சு பளபளப்பு ஏத்தறதும் வருது.

ராக்கெட்டு விசயம். அந்த சமாதியை ஆல்பெர்ட்டோ ரூஸ்ங்கற மெக்ஸிகோ தொல்லியல்காரர் 1952ல தெறந்தாரு. கோயில் தரைல ஒரு பலகைக்கல்லுல வரிசையா ஓட்டை இருக்கறதைப் பாத்து அதைத் தூக்கி, அதுக்குக் கீழ கல்லும் மண்ணும் போட்டு அடைச்சிருந்த படிக்கட்டை வருசக்கணக்குல அள்ளி எறங்கிப் போனவரு. மூடி 3.8 மீட்டர் நீளம். அதுல, சமாதிக்குச் சொந்தக்காரரான பகால் ராசா சாயறாரு, அவர் முதுகுக்குப் பின்னால உலகத்தைத் தாங்கற மரம் எழும்புது, உச்சில பறவை, கீழ பாதாளத்தோட வாயி. சுத்தி ஓரத்துல அவரோட முன்னோர்கள் செத்த தேதி எழுத்துல வெட்டியிருக்குது, அதை இன்னைக்குப் படிக்க முடியுது. பெட்டியோட பக்கத்துல அந்த முன்னோர்களே பழமரமா மண்ணுல இருந்து மொளைச்சு வர்றாங்க, கொக்கோ, கொய்யா, சப்போட்டா, அவக்காடோன்னு. தாத்தா பாட்டி தோட்டமா நிக்கற ஒரு சமாதியைப் பாத்துட்டு ராக்கெட்டுன்னு சொன்னா எனக்கு வயிறு எரியுதுங்ணா.

உடுமல மக்காச்சோளம்:

தம்பி நல்லா சொன்னீங்க. எங்களுக்கு உடுமலைங்க, காடு பூராவும் மக்காச்சோளந்தான், கோழித் தீவனத்துக்குப் போயிரும். எனக்கு ஒண்ணுதான் புரியல. கல்லு அறுக்கறது இத்தனை பாடுன்னா எதுக்கு அதையே புடிச்சுட்டு இருந்தாங்க, தங்கத்துல பண்ணியிருந்தா சுலுவா தட்டி வளைச்சிருக்கலாமே? ராசாவுக்குத் தங்கந்தான போடுவாங்க.

நொய்யல்கரை:

அக்கா, தங்கம் அவங்களுக்கு நெம்பப் பின்னால வந்த சமாச்சாரம். பகால் செத்தது 683ல, அப்ப மாயா நாட்டுல உலோக வேலையே கெடையாது. அப்படி வந்ததுக்கு அப்பறமும் பச்சைக்குத்தான் மதிப்பு எச்சு. 1520ல ஸ்பானியர்கள் அஸ்டெக் தலைநகரத்தை விட்டு ராத்திரியோட ராத்திரியா தப்பிச்சு ஓடுனப்ப நெறையப் பேரு தங்கத்தை மூட்டை கட்டிட்டு அந்தப் பாரத்தோடயே தண்ணில முழுகிப் போனாங்க. பெர்னால் தியாஸ்ங்கற படைவீரர் மட்டும் நாலே நாலு பச்சைக்கல்லை எடுத்து வெச்சுக்கிட்டாரு, பின்னால அதை வித்துத்தான் காயத்துக்கு வைத்தியமும் சாப்பாடும் பாத்தேன்னு அவரே எழுதியிருக்கறாரு. அந்த ஊருக்காரங்க எதை மதிச்சாங்கன்னு புரிஞ்சு வெச்சிருந்த ஆளு.

ஏன் பச்சைன்னா, உங்க காட்டையே பாருங்கக்கா. தண்ணி பாய்ச்சுன மக்காச்சோளத் தோகை என்ன நெறம்? அவங்களுக்கு உசிரே அந்தப் பயிருதான், மனுசனையே மக்காச்சோள மாவுல பெசஞ்சுதான் செஞ்சாங்கன்னு மாயா சனங்க கதை. ஜேடுன்னா தண்ணி, தோகை, மூச்சுக்காத்து எல்லாம் சேந்தது. அதனால செத்தவங்க வாய்ல ஒரு ஜேடு மணியை வெப்பாங்க. பகால் வாய்லயும் இருந்துச்சு, ஒரு கைல உருண்டையா ஒண்ணு, இன்னொரு கைல கட்டமா ஒண்ணு.

உடுமல மக்காச்சோளம்:

வாய்ல வெப்பாங்களா! வாய்க்கரிசியாட்டவே இருக்குதே. போன வருசம் எங்க ஆத்தாவுக்குப் போட்டப்ப என்ற கை நடுங்குனது இன்னும் ஞாபகத்துல இருக்குது. மணி மட்டுந்தானா, சோளம் ஏதும் போட மாட்டாங்களா?

நொய்யல்கரை:

போடுவாங்கக்கா. மெக்ஸிகோவோட யுகட்டான் பக்கம், மாயா சனங்க நாட்டுல இருந்த லாண்டாங்கற பாதிரியார் எழுதி வெச்சிருக்கறாரு, அரைச்ச மக்காச்சோளத்தை வாய் நெறைய வெச்சு, கூட காசாப் பொழங்குன கல்லு கொஞ்சமும் வெப்பாங்கன்னு, போற எடத்துல சாப்பாட்டுக்குக் கொறை வரக்கூடாதுன்னு. சோளத்தை அவங்க சுண்ணாம்புத் தண்ணில வேக வெச்சு தோலு நீக்கித்தான் அரைப்பாங்க, அரைக்கறதும் நம்ம அம்மி மாதிரி கல்லுதான், அவங்க அம்மிக்குப் பல எடத்துல மூணு காலு இருக்கும்.

பேரூர் சிற்பக்கல்:

எல்லாருக்கும் வணக்கம். நான் கல்சிற்பம் படிக்கிறேன். மேல மயனைப் பத்தி வந்ததால சொல்றேன், எங்களுக்கு மயன் குரு ஸ்தானம். எங்க மரபுல பெரிய ஸ்தபதிகளே அந்த நாட்டுக்குப் போயி பாத்துட்டு வந்து அளவெல்லாம் நம்மளோட ஒத்துப் போகுதுன்னு சொல்லியிருக்காங்க. படிப்படியா ஏறுற கோயில், உச்சியில சின்ன கருவறை, நாலு திசைக்கும் கணக்கு, கடவுள் கையில பாம்பு. இதெல்லாம் தற்செயல்னு ஒரே வார்த்தையில தள்ள என்னால முடியல. வாய்க்கரிசி கூட இருக்குன்னா யோசிக்கணும் இல்லையா?

கோபி பள்ளிக்கூடம்:

தம்பி, குரு மேல உனக்கு இருக்கற மரியாதை எனக்குப் புடிச்சிருக்குது, நானும் முப்பது வருசம் பள்ளிக்கூடத்துல பாடம் சொல்லிக் குடுத்தவ. இருந்தாலும் இதை ரெண்டு விதமா சோதிச்சுப் பாக்கலாம் கண்ணு.

மொதல்ல பேச்சு. ஒரு சனம் இன்னொரு சனத்துக்குத் தொழில் சொல்லிக் குடுத்தா வார்த்தை கூடவே போகும். மாயா மொழிக இன்னைக்கும் முப்பது வரைக்கும் இருக்குது, லட்சக்கணக்கான பேரு வீட்டுல பேசறாங்க. யுகட்டான் மாயாவுல எண்ணறது ஹுன், கா, ஓஷ், கான், ஹோ. நம்முளுது ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. வாய் விட்டு ரெண்டையும் சொல்லிப் பாரு, எங்கயாவது ஒட்டுதா? மாயாங்கற பேரே யுகட்டான் பக்கத்துல வழங்குனது, அத்தனை சனத்துக்கும் பொதுவா அதை வெச்சது பின்னால வந்தவங்க. பகால் ஆண்ட ஊருக்கு அவங்க எழுத்துலயே லகம்ஹான்னு பேரு, பெரிய தண்ணின்னு அர்த்தம்.

ரெண்டாவது அடுப்படி. மிளகாய் அந்த நாட்டுச் செடி. மக்காச்சோளம், தக்காளி, கொய்யா, பப்பாளி, சப்போட்டா எல்லாமே அந்தக் கண்டம். சப்போட்டாங்கற பேரே அஸ்டெக் மொழில இருந்து வந்ததுதான். இதெல்லாம் நம்மகிட்ட வந்தது போர்த்துகீசியர் கப்பலுக்கு அப்பறம், சங்கப் பாட்டுல காரம்னா மிளகுதான். நம்மாளு அங்க போயி ராசாவுக்குக் கோயில் கட்டிக் குடுத்துட்டு வந்திருந்தா ஒரு பிடி மிளகாய் விதையைக் கூடவா மடியில முடிஞ்சுட்டு வந்திருக்க மாட்டான்? அதே மாதிரி நம்ம காளையும் அங்க போகல. வண்டி இழுக்கற மாடோ குதிரையோ அவங்ககிட்ட இல்லை. சக்கரம் தெரியாதுன்னும் இல்ல, வெராக்ரூஸ் பக்கம் களிமண் நாய்ப் பொம்மைக்கு நாலு சக்கரம் வெச்சது தோண்டி எடுத்திருக்கறாங்க. இழுக்கத்தான் ஆளு இல்ல. ஓல்மெக் தலைகள்னு ஒத்தைக் கல்லுல செதுக்குனது 17 கெடச்சிருக்குது, டன் கணக்குல எடை, டூக்ஸ்ட்லா மலையில இருந்து அத்தனையும் மனுசக் கையால நகத்துனது. காங்கயம் காளை ஒரு சோடி இருந்திருந்தா எவ்வளவு ஒத்தாசையா இருந்திருக்கும்னு நான் நெனைக்கறதுண்டு.

அளவு ஒத்துப் போகுதுங்கறதுக்கு ஒண்ணு சொல்றேன். உசரமா கட்டோணும், இரும்புக் கம்பி இல்லை, கல்லும் மண்ணுந்தான் இருக்குதுன்னா அடி அகலமா மேல குறுகலாத்தான் நிக்கும், எந்த ஊரா இருந்தாலும்.

பேரூர் சிற்பக்கல்:

மிளகாய் விசயம் நான் நினைச்சே பாக்கல டீச்சர். உடனே மனசு மாறிட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன், ஆனா எண்ணுப் பேர்களை எழுதி வெச்சிருக்கேன், எங்க ஆசிரியர்கிட்ட கேக்கறேன். ஜேடு சிலையில எது பெருசுன்னு யாராவது சொல்ல முடியுமா?

நொய்யல்கரை:

மாயா ஜேடு சிற்பத்துல பெருசுன்னா பெலீஸ் நாட்டுல அல்டூன் ஹாங்கற எடத்துல 1968ல கெடச்ச சூரிய சாமி தலைதான், ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உசரம், 4.42 கிலோ. ஒத்தைக் கல்லு. அந்த நாட்டு ரூபா நோட்டுலயே அதை அச்சடிச்சிருக்கறாங்க.

ஆனா எனக்குப் பெருசை விட ஒரு சின்னக் கூட்டந்தான் புடிக்கும். லா வென்டாங்கற ஓல்மெக் ஊர்ல 1955ல கெடச்சது, 16 குட்டி ஆளுக நின்னவாக்குல, பின்னால ஆறு கல்லுப் பட்டைக தூணாட்ட நட்டு வெச்சது. பெரும்பாலானது ஜேடும் சர்ப்பென்டைன்ங்கற பச்சைக்கல்லும், ஒரே ஒரு ஆளு மட்டும் சொரசொரப்பான கல்லு, அந்த ஆளு தனியா நிக்கறாரு, மத்தவங்க அவரைப் பாத்து நிக்கறாங்க. ஊர்ப் பஞ்சாயத்து மாதிரியே இருக்கும். அதை மண்ணுல பொதைச்சு மேல தரை போட்டுட்டாங்க. வருசங்கழிச்சு யாரோ சரியா அந்த எடத்துல மட்டும் குழி தோண்டி, தலைக தெரியற வரைக்கும் போயி பாத்துட்டு, மறுபடி மூடியிருக்கறாங்க. எதையும் எடுக்கல. எல்லாம் வெச்ச எடத்துலயே இருக்குதான்னு பாத்திருக்கறாங்க.

சிவன்மலை பட்டறை:

படிக்கப் படிக்க ஒடம்பு சிலுத்துப் போச்சுங்க. தம்பி, கயிறு வண்டி மணலு வேலைக்காரன்னு சொன்னீங்க பாருங்க, எங்கய்யன் சாணைக்கு குருந்தக்கல் பொடி போடறப்ப இதையேதான் வேற மாதிரி சொல்லுவாரு, "சக்கரத்தை அழுத்தாதடா, பொடியை வேலை செய்ய விடு"ன்னு. ஒரே ஒண்ணு இன்னும் பாக்கி. அறுத்தது யாருங்க? ராசாவோட ஆளா, இல்லை எங்களாட்ட வீட்டுல வெச்சு பண்ணுனவங்களா?

நொய்யல்கரை:

ரெண்டும்ங்ணா. குவாத்தமாலாவுல கான்குவென்னு ஒரு ஆத்தங்கரை ஊரு, அங்க தோண்டுனப்ப 16 கிலோ வர்ற ஒரே ஜேடு உருண்டை, பாதி அறுத்த துண்டு, மணல் போட்ட தேய்ப்புக் கல்லெல்லாம் கெடச்சுது. அதுல தெரிஞ்சது என்னன்னா மொதக்கட்ட வேலை, அறுக்கறது, துளை போடறது, இதெல்லாம் சாதாரண சனங்க வீட்டோரத்துல நடந்திருக்குது. கடைசியா உருவம் செதுக்கி எழுத்து வெட்டி ராசாவுக்குப் போட்டு விடற வேலை பெரிய மனுசங்க பக்கம். அறுத்தவங்க பேரு எந்தக் கல்லுலயும் இல்லீங்க.

நம்ம கொடுமணல்ல ஒரு வித்தியாசம் உண்டு. அங்கயும் ரஃப் கல்லு, பாதி தேச்சது, துளை போட ஆரம்பிச்சதுன்னு ஒவ்வொரு கட்டத்துல நின்னு போன மணிக கெடக்குது, படியூர் பெரில்ல இருந்து சிவப்பு கார்னீலியன் வரைக்கும். ஆனா நம்மாளுககிட்ட இரும்பு இருந்துச்சு, உருக்குன உலையே தோண்டி எடுத்திருக்கறாங்க. பானை ஓட்டுல தமிழ் எழுத்துல பேரு பேரா கீறி வெச்சிருக்கறாங்க, அதுல எவனாவது மணி துளைச்சவனா இருந்திருக்கலாம்னு நான் ஆசையா நெனைச்சுக்குவேன்.

சிவன்மலை பட்டறை:

நாலு நாள் கழிச்சு வர்றனுங்க, வேலை இருந்துச்சு. நீங்க சொன்னதைப் பாக்காம தூக்கம் வரல. ஜேடு கையில இல்லை, கழிச்சுப் போட்ட மூன்ஸ்டோன் துண்டு ஒண்ணு எடுத்துக்கிட்டேன், அது ஜேடை விட கொஞ்சம் மெதுவு, பொரியற கல்லு வேற, அதனால அழுத்தாம பண்ணோணும். கத்தாழை நாரைத் திரிச்சு கயிறு, எங்க பட்டறைல கொட்டிக் கெடக்கற வெள்ளைக் குவார்ட்ஸை உரல்ல இடிச்சு சலிச்ச பொடி, ஒரு சொம்பு தண்ணி. டைமண்ட் எதுவும் தொடல.

பொழுதோட வேலை முடிஞ்சு மூணு நாள் உக்காந்தேன். மொத நாள் ஒண்ணுமே எறங்கல, மணலு நழுவி நழுவிப் போச்சு, தண்ணி எச்சா ஊத்திட்டேன்னு ரெண்டாம் நாள்தான் புரிஞ்சுது. கொழம்பாட்ட கெட்டியா வெச்சப்பத்தான் கயித்துக்கடியில நறநறன்னு பிடிச்சுது, அந்த சத்தம் கேட்டதும் கை தானா வேகத்தைக் கண்டுபிடிச்சுக்குச்சு. மூணு நாள்ல ஏழு கயிறு அறுந்துச்சு, கல்லுல எறங்குனது நகத்தளவு பள்ளம். பையன் மேல நின்னு பாத்துட்டு "இன்னும் எத்தனை நாள்ப்பா"ன்னான். இந்தப் பக்கம் இருந்து இன்னொரு மாசம், அப்பறம் திருப்பிப் போடோணும்னேன். அவனே கயித்தோட அந்தப் பக்கத்து நுனியைப் புடிச்சுட்டு எதிர்ல உக்காந்துட்டான். ரெண்டு பேரு இழுத்தா வேற மாதிரி போகுதுங்க, நேரா எறங்குது, எனக்கென்னமோ அவங்களும் ரெண்டு ரெண்டு பேராத்தான் உக்காந்திருப்பாங்கன்னு தோணுது.

நாணத்தட்டைக்கு நொய்யல் பக்கம் சொல்லி வெச்சிருக்கறேன், வந்ததும் துளை போட்டுப் பாத்துட்டு போட்டோ போடறேன்.